சிலுவையை உள்ளே போட்டுக்கொண்டவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மடத்தில் வேன் ஓட்டும் மணியண்ணே போனில் கூப்பிட்டார். அவர் எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவார். அதனால் போன் அடித்ததுமே கெட்ட செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் படிக்கட்டில் நின்று எடுத்தேன்.

"சிஸ்டர் போயிட்டாங்க தங்கச்சி. காலையில டீ கொண்டுபோனப்ப எழுந்திரிக்கல" என்றார்.

விவரம் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். பிறகு நான் மேலே போய் மிச்சமிருந்த வேலையை முடித்தேன். அழுகை வரவில்லை. வெறும் களைப்பாக இருந்தது.

சிஸ்டர் பிரிஜிட்டை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அவர் அயர்லாந்தில் ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதில் கன்னியாஸ்திரியாகக் கப்பலேறி மலேசியாவின் பேரா மாநிலத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல், ஈப்போவில் கன்னியாஸ்திரிகளின் மடத்திலேயே தங்கிவிட்டார். ரப்பர் எஸ்டேட் மக்களிடம் கற்ற தமிழை எஸ்டேட் மக்களைப் போலவே பேசுவார். எண்பதைத் தாண்டியும் மடத்தின் பண்டக அறை அவர் பொறுப்பில்தான் இருந்தது. சனிக்கிழமைதோறும் அங்கிருந்து அரிசி, எண்ணெய், மாவு எல்லாம் கட்டிக்கொண்டு சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் பழைய தோட்டங்களில் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்குப் போவோம். வேனை மணியண்ணே ஓட்டுவார். பெயர்ப்பட்டியல் என்னிடம் இருக்கும்.

தொழிற்சாலைக்கு வருமுன், பல்கலைக்கழகம் முடித்து ஓராண்டு வேலையில்லாமல் இருந்துவிட்டுத்தான் அந்த மடத்து அலுவலகத்தில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அம்மாவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. காரணம் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. வீட்டில் கஷ்டமாக இருந்த காலத்தில் ஒரு ஜெபக் குழு அவருக்கு மாதா மாதம் அரிசி கொடுத்தது. பிறகு அவர் அவர்களோடு சேர்ந்துவிட்டார். தாத்தா இறந்தபோது கொள்ளி வைக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். பங்காளி மகன் ஒருவன்தான் வைத்தான். மடம் வேறு, அந்தக் குழு வேறு என்று நான் பல முறை விளக்கினேன். "சிலுவைன்னா சிலுவைதான். மொதல்ல அரிசி கொடுப்பாங்க, அப்புறம் ஆளை எடுத்துக்குவாங்க. எனக்கு நீ ஒருத்திதான் இருக்க" என்றார் அம்மா. அதற்கு மேல் நான் வாதாடியதில்லை. மடத்திலிருந்து நான் கொண்டுவந்த எதையும் அம்மா வாயில் வைத்ததில்லை.

முதல் சனிக்கிழமையே ஒன்றைக் கவனித்தேன். வேன் நின்றதும் இறங்குவதற்கு முன்பு, கழுத்தில் தொங்கிய சிலுவையை எடுத்து சிஸ்டர் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கடைசிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறிய பிறகுதான் வெளியே எடுத்தார். ஒவ்வொரு வாரமும் அப்படியே செய்தார். கேட்க எனக்குக் கூச்சம்.

மணியண்ணேதான் ஒருநாள், "ஏன் சிஸ்டர், சாமிக்கு வெயில் ஆகாதா?" என்று கிண்டல் செய்தார்.

சிஸ்டர் சிரித்தார். பிறகு பீடோர் போய்ச் சேரும்வரை அதற்கான கதையைச் சொன்னார். அவருடைய அப்பாவின் தாத்தா காலத்தில் அயர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்ததாம். உருளைக்கிழங்கெல்லாம் மண்ணிலேயே அழுகிப்போய்விட்டதாம். ஆட்சி வெள்ளைக்காரனுடையது என்று அவர் சொன்னபோது மணியண்ணே கண்ணாடியில் அவரைப் பார்த்து, "அப்ப நீங்க யாரு சிஸ்டர்?" என்றார்.

"தோலு வெள்ளை. ஆனா நானும் உங்களை மாதிரி வெள்ளைக்காரன்கிட்ட அடிவாங்குன ஆளுதான்லா" என்றார் சிஸ்டர். "உங்க ஆளுங்களும் பஞ்சத்துலதானே கப்பல் ஏறுனாங்க."

அந்தப் பஞ்சத்தில் ஆள்பவர்களின் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்த சில பாதிரிமார் பானை பானையாக சூப் காய்ச்சி வைத்துக்கொண்டு, கத்தோலிக்கர்களைப் பார்த்து, உங்கள் கோயிலை விட்டு எங்கள் கோயிலுக்கு வந்தால் ஊற்றுகிறோம் என்றார்களாம். பசி தாங்காமல் சிலர் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக்கூட சூப் குடித்த குடும்பம் என்றே ஊர் சொன்னதாம். சிஸ்டருடைய குடும்பம் போகவில்லை. மூன்று பிள்ளைகளைப் புதைத்தது. "எங்க ஊர்ல ஒருத்தனைப் பார்த்து, நீ எந்தக் கோயிலுக்குப் போறேன்னு கேட்டா, நீ யாரோட ஆளுன்னு கேக்கறதா அர்த்தம்" என்றார். அவர் அப்பா காலம்வரை அந்த வீட்டில் சூப் வைத்ததே இல்லை.

அவர் கப்பலேறுவதற்கு முன் ஊரே அவர்கள் வீட்டில் கூடியதாம். ஆளை வைத்துக்கொண்டே இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்களாம். அங்கே கடல் தாண்டிப் போகிறவர்களை அப்படித்தான் அனுப்புவார்கள், ஏனென்றால் யாரும் திரும்பியதில்லை. எல்லோரும் மகளை ஆண்டவருக்குக் கொடுத்த பெருமையைப் பேசினார்கள். அப்பா மட்டும் அவரிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி: "நீ அங்க போயி யாருக்கு சூப் ஊத்தப் போற?"

அந்தக் கேள்வியோடுதான் சிஸ்டர் கப்பலேறினார். அப்பா இறந்தபோது ஊருக்குப் போக அன்றைய மடத்து விதி இடம் தரவில்லை. கடிதம் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அதுக்குத்தான் இதை உள்ள போட்டுக்கறேன்" என்று சிலுவையைத் தொட்டுக் காட்டினார். "ஒரு கையில சோறு, ஒரு கையில சாமி, அப்படி நிக்கக் கூடாது."

அம்மாவின் பயத்தை நான் அவரிடம் சொன்னதும் அந்தப் பயணத்தில்தான். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. அவர் முகம் வாடிப்போனது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அப்பாவின் கேள்வியை வேறொருவர் கேட்டதுபோல இருந்திருக்கும். "உங்க அம்மா சொல்றது தப்பில்ல" என்றார். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில், அம்மா நல்லா இருக்காங்களா, இன்னும் பயப்படுறாங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். மின்தூக்கி பழுது. நான்கு மாடி ஏறினார். அம்மா கொடுத்த முறுக்கையும் இட்லியையும் மீதம் வைக்காமல் சாப்பிட்டார். கொண்டுவந்த பிஸ்கட் டின்னைக் கொடுக்க எழுந்தபோது, பழக்கத்தில் கை கழுத்துக்குப் போனது. சிலுவை உள்ளே போனது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே டின்னை வாங்கினார்.

"கோவிச்சிக்காதீங்க சிஸ்டர். நான் இதைச் சாப்பிட மாட்டேன்" என்றார்.

"கோவம் இல்லம்மா. எங்க அப்பாவும் சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்றார் சிஸ்டர்.

அவர் போன பிறகு சூப் கதையை அம்மாவிடம் சொன்னேன். அம்மா "ம்" என்றார். டின்னை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் நான் மடத்தை விட்டேன். தொழிற்சாலையில் சம்பளம் அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவின் முகத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனேன் என்பதே உண்மை. சிஸ்டருக்கு அது தெரியும். "அம்மா பேச்சைக் கேளு. நான் என் அப்பா பேச்சைக் கேக்கல" என்றார். பிறகு, அவருடைய ஊரில் இப்போது கோயில்கள் காலியாகக் கிடக்கின்றன, அண்ணன் மகன்கூடப் போவதில்லை என்றார். "எதைத் தூக்கிக்கிட்டு இவ்ளோ தூரம் வந்தேனோ, அது அங்கேயே இல்ல. அசதியா இருக்கு." நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை அடக்கம். அந்த அண்ணன் மகன் முதல் நாளே வந்துவிட்டார் என்று மணியண்ணே சொல்லியிருந்தார். அவரும் ஊரைவிட்டுப் போனவர்தான். ஆஸ்திரேலியாவில் கட்டட வேலை. பூசையில் எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது என்று தெரியாமல் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

அன்று விடியற்காலையிலேயே எங்கள் வீட்டில் ரசம் கொதிக்கும் வாசனை. "சாவு வீட்ல அடுப்பு எரியாது. அந்தப் பையன் என்னா சாப்பிடுவான்?" என்றார் அம்மா. பையனுக்கு ஐம்பது வயதிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மடத்தில் சமையல்காரர்களை அமர்த்தியிருப்பார்கள் என்றும் சொல்லவில்லை. அம்மா வருகிறேன் என்றதே போதுமாக இருந்தது. வண்டியில் போகும்போது, மடியில் தூக்குச்சட்டியைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டார்: "ரசமும் சூப் மாதிரிதானே? அவங்க வீட்டு ஆளு, தப்பா நெனச்சிக்குவானா?"

மடத்து மண்டபத்தில் நீளமான மேசை நிறைய பிரியாணியும் மீ கோரெங் நூடுல்ஸும் இருந்தன. அம்மா திகைத்து, தூக்குச்சட்டியை முந்தானையால் மறைத்துக்கொண்டார். அந்த மனிதரோ எதையும் தொடாமல் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு நேராக அவரிடம் போனார். டம்ளரில் ரசத்தை ஊற்றினார். நீட்டுவதற்கு முன் நின்றார். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய முருகன் டாலரை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் கொடுத்தார்.

அவர் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடியும் நீட்டினார்.

டின் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலேதான் இருக்கிறது சிஸ்டர். அம்மா அதைத் திறக்கவில்லை, வாரம் ஒருமுறை தூசி தட்டி வைக்கிறார். டாலர் விஷயத்தை மட்டும் உங்களிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதினேன். நிறைய நடந்துவிட்டீர்கள். தூங்குங்கள்.