அறுவை வார்டில் கால் பிடித்தவள்

ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் அவளுடைய வேலைக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. வார்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவள் கால்பிடி அக்கா. ஆபரேஷன் முடிந்து கிடப்பவர்களின் கையையும் காலையும் ஆளுக்கு இருபது நிமிடம் எண்ணெய் தொட்டுப் பிடித்துவிடுவாள். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லிக்கொடுப்பாள். கேட்டால் காதோரம் பாட்டு வைப்பாள். ஒன்பது வருடமாக இதுதான்.

சேர்ந்த அன்றே பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்: "மருந்தோட சேத்துதான் இது. மருந்துக்குப் பதிலா இல்ல." அவளும் வலி போய்விடும் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. "கொஞ்சம் கொறையும், கண்ணசர விடும்" என்பாள். முட்டி மாற்றிக்கொண்ட வாத்தியார் ஒருவர், "உன் கை பட்டா அந்த இருபது நிமிஷம் எனக்கு முட்டியே இல்லம்மா" என்றார். ஒரு வாரம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பெரிய டாக்டர் ஓய்வுபெற்றுப் போனார். நர்சுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. வலி தாங்காமல் யாராவது மணியை அழுத்தினால், "கால்பிடி அக்கா வருவாங்க, பொறுங்க" என்று பதில் வந்தது. வலி ஊசிக்கு முன்னால் அவள் அனுப்பப்பட்டாள். ஊசி போடாமல் தன்னை ஏன் அனுப்புகிறார்கள் என்று தலைமை நர்சிடம் கேட்டே விட்டாள்.

"இருக்கறது ரெண்டு கை. நான் எத்தன பேரப் பாக்குறது? நீயாவது போயி பக்கத்துல ஒக்காரு" என்றார் அவர். அதுவும் பொய்யில்லை.

குடல் ஆபரேஷன் ஆன பஸ் டிரைவர் ஒருவருக்கு அது மூன்றாம் நாள். மதியம் அவரது காலைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"கால விடுங்கக்கா. இங்கதான்" என்று அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தார். பலகையைத் தொட்டதுபோல இருந்தது.

கையைத் துடைக்காமலே டியூட்டி டாக்டரிடம் ஓடினாள்.

"டாக்டர், டிரைவரு வயிறு கல்லு மாதிரி இருக்கு. ஒரு தடவ வந்து பாத்துடுங்க."

"வாயுவா இருக்கும். நீங்க காலப் பிடிங்க, வயித்த நான் பாத்துக்கறேன்."

மறுபடி இரண்டு முறை போனாள். மூன்றாம் முறை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாலையில் அவர் வந்து பார்த்தபோது டிரைவருக்கு நினைவு தப்பியிருந்தது. குடல் தையல் விட்டுக் கசிந்திருந்தது. அவசரமாக இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பியது. வயிற்றோரம் மலத்துக்கு ஒரு பை பொருத்தி அனுப்பினார்கள்.

விசாரணையில் டியூட்டி டாக்டர் சொன்னது ஒரே வரி: கால்பிடிப்பவர் வயிற்றை அழுத்தினார். அவள் கை வயிற்றில் இருந்ததைத் தலைமை நர்ஸ் பார்த்திருந்தார். பார்த்ததை மட்டும் சொன்னார். அவள் மூன்று முறை ஓடியதைப் பற்றி அவரை யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. அந்த வாரமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டிரைவர் வாயைத் திறந்தால் போதும் என்று நம்பி அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த மனைவி, "செஞ்சதெல்லாம் பத்தாதா?" என்றாள். உள்ளேயிருந்து டிரைவர்தான் அழைத்தார். பாதி உடம்பாகியிருந்தார்.

"எனக்குத் தெரியும்க்கா. என் கையாலதான உங்க கைய எடுத்து வெச்சேன். நீங்க ஓடுனதையும் பாத்தேன்."

"அத அவங்ககிட்ட சொல்லுங்கண்ணே."

அவர் பையின் மேல் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார். "இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி இருக்கு. இந்தப் பைய எடுக்கணும். அதையும் அவங்கதான் செய்யணும். நான் எப்படிக்கா பகைச்சுக்க முடியும்?"

அவர் இடத்தில் இருந்திருந்தால் தானும் அப்படித்தான் செய்திருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. அது இன்னும் கசந்தது.

அவள் எழுந்தபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கால் எரிச்சல் தாங்கலக்கா. ரெண்டு நிமிஷம்…"

போர்வைக்கு வெளியே அந்தப் பாதம் வெளிறிக் கிடந்தது. அவள் பார்த்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இப்போது ஓர் அழகு நிலையத்தில் இருக்கிறாள். வலியே இல்லாதவர்கள் வந்து காலை நீட்டுகிறார்கள். பிடிக்கும்போது போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரிடமும் எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்பதில்லை.