புளி போட்டு மினுக்கிய ஷெல் கோதுகள்

ஷெல்லடிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவன் நான். லண்டனில் மனோர் பார்க்கில் வாடகைக்கு வீடெடுத்தால், பக்கத்து வீட்டுக்காரியின் கராஜுக்குள் ஒரு பீரங்கி நிற்கிறது. விதிக்கு என்னைக் கண்டால் எப்போதும் கொஞ்சம் பகிடிதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பக்கத்து வீட்டுக்காரி ஓர் ஆங்கிலேயப் பெண், பஸ் சாரதி, என் வயதுக்காரி. ஷிப்ட் முடிந்து வந்ததும் சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டு, எண்ணெய் பிடித்த மேலங்கியோடு கராஜுக்குள் புகுந்துவிடுவார். உள்ளே நின்றது இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை உடைப்பதற்கென்றே தயாரித்த பீரங்கி. அது சுடும் குண்டின் எடையை வைத்து ‘ஆறு இறாத்தல்’ என்று அதற்குப் பெயர். இறாத்தல் கணக்கில் எனக்குத் தெரிந்தது பேக்கரியில் வாங்கும் பாண் மட்டுமே.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

“இஞ்சருங்கோ, விசாக் கடுதாசி இன்னும் வரேல்லை. நீங்கள் பீரங்கிக்குப் பக்கத்தில நிக்கிறதை ஆராவது கண்டால்?”

“அது சுடாதப்பா. குழாயை இரும்பு வைச்சு அடைச்சு, சுட ஏலாதெண்டு சேர்டிபிக்கேற்றும் வைச்சிருக்கிறா.”

“அப்ப உங்களைப் போலத்தான். பார்வைக்கு மட்டும்.”

இருந்தும் போனேன். அந்தப் பீரங்கி எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் ஏறி உறங்கும் தடியாக இருந்ததாம். அதை வாங்கி வந்து, கோழி எச்சத்தைச் சுரண்டி, அதன் கீழே பச்சை, அதன் கீழே மண்நிறம் என்று ஒவ்வொரு பூச்சையும் அளந்து கொப்பியில் எழுதியிருந்தார். குண்டைத் தள்ளியதும் தானாக மேலெழுந்து மூடும் பின்கதவு துருப்பிடித்து இறுகிவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்க அதற்கு எண்ணெய் விட்டு, சூடு காட்டி, பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார். நானென்றால் இரண்டாம் நாளே பெரிய சம்மட்டி தேடியிருப்பேன். ஒரு ஞாயிறு மாலை ‘ளக்’ என்று அது எழுந்து மூடியபோது இருவரும் கத்திய கத்தலில் மனைவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள், சுட்டுவிட்டோமோ என்று.

எனக்கு அவரில் பிடித்தது வேறொன்று. புதிதாக வாங்கிப் பூட்டிய ஒவ்வொரு ஆணியிலும் சிறு புள்ளியொன்று குத்திவைப்பார்.

“ஏன் இந்தப் புள்ளி?” என்றேன்.

அவர் பேசிய ஆங்கிலம் என் காதில் எங்கள் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன். “பாக்கிற ஆளை ஏமாத்தக் கூடாது. எது பழசு, எது நான் போட்டது எண்டு தெரியவேணும்.”

பீரங்கியோடு, சுட்டு முடிந்த ஆறு வெற்று ஷெல் கோதுகளும் சேர்த்திருந்தார். பித்தளை. முழங்கையளவு நீளம். எல்லாம் கறுத்துப் போயிருந்தன. அந்த ஆடியில் கராஜ் கூரை ஒழுகியது. கோதுப் பெட்டியை என்னிடம் தந்து, “பத்து நாளைக்கு உம்மடை வீட்டில கிடக்கட்டும். அடுத்த கிழமைக் கடைசியில கண்காட்சிக்குக் கொண்டு போகவேணும்” என்றார். பீரங்கி முதன்முதலாக வெளியே போகும் கண்காட்சி அது.

வெள்ளிக்கிழமை மனைவி குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். கோதுகளையும் இப்படி மினுக்கினாலென்ன என்று எனக்கு ஞானம் பிறந்தது.

“அவவிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ.”

“கேட்டால் அது சர்ப்பிரைஸே?”

பழப்புளி, உப்பு, தேங்காய்த் தும்பு. தோள்மூட்டு கழன்றுவிடும்போல் தேய்த்தேன். ஆறும் குத்துவிளக்கைத் தோற்கடித்தன. வெள்ளைத் துணி விரித்து அடுக்கி, கோவிலிலிருந்து கொண்டு வந்த செவ்வந்திப் பூ இரண்டு வைத்து, அவரைக் கூப்பிட்டேன்.

ஒரு கோதை எடுத்தார். மெல்லச் சுற்றிப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். ஆறாவதிலும் அதே.

“எழுத்து எங்கை?”

“எந்த எழுத்து?”

“ஒண்டில கறுப்பு மையில அச்செழுத்து இருந்தது.”

இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம். அந்த ஊத்தைதான் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்கு மட்டும் இரண்டாம் தரம் புளி போட்டேன்.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பீரங்கியைச் செய்த அதே ஆண்டில் செய்த கோது, அசல் எழுத்தோடு, அது ஒன்றுதானாம். அதைத் தேடி எட்டு வருடம் அலைந்தாராம். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“நான் ஊரிலை கடைப் பலகைக்கு எழுத்து எழுதினவன். அச்சுப் பிசகாமல் திருப்பி எழுதித் தாறன்” என்றேன்.

“வேண்டாம். அது பொய்யாகிப் போடும்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு கிழமை கராஜ் கதவு எனக்குத் திறக்கவில்லை. வீட்டில் விளக்கு மினுமினுக்கும் போதெல்லாம் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கண்காட்சி நாள் காலை வந்து கதவைத் தட்டினார். “ட்ரெயிலரில ஏத்த ஓராள் குறையுது. வாறீரா?”

செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

கண்காட்சித் திடலில் பச்சைப் பூச்சோடு நின்ற பீரங்கி கம்பீரமாகத்தான் இருந்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஷெல்லுக்குப் பயந்து ஓடியவன் அதன் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். முன்னால் மேசையில் ஆறு கோதுகளும் பளபளத்தன. நடுவிலிருந்த கோதில் சிறு புள்ளியொன்று குத்தியிருந்தது. கீழே அவர் கையெழுத்தில் ஓர் அட்டை: “இதில் அசல் எழுத்து இருந்தது. பக்கத்து வீட்டு நண்பர் அன்போடு புளி போட்டுத் தேய்த்ததில் அழிந்துவிட்டது.”

நண்பர் என்றிருந்ததை மூன்று தரம் வாசித்தேன்.

பழைய பீரங்கிகள் சேர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். பீரங்கியைப் பார்த்தவர்களை விட அட்டையைப் பார்த்தவர்கள் அதிகம். புளி என்றால் என்ன, சமையலுக்கா, எங்கே வாங்கலாம் என்று கேள்விக்கு மேல் கேள்வி. நான் நெஞ்சை நிமிர்த்தி விளக்கம் சொல்லத் தொடங்கினேன். ஒருவர் கொப்பியைத் திறந்து, எவ்வளவு புளிக்கு எவ்வளவு தண்ணீர் என்று குறிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

பீரங்கிக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“முதல்ல எழுத்திருக்கோ எண்டு பாக்கச் சொல்லும்!”