நான் சொன்ன "அடி" யாருக்கு

பிழை பிழையாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஞாபகமும் இப்போது இடைக்கிடை அறுந்து போகிறது.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மகன் வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிப்பது என் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே டிவியில் இங்கிலாந்துப் பந்தாட்டம் ஓடும். நான் வாய் திறப்பதில்லை, ஆனால் பார்ப்பேன். முன்பு பின்வரிசைக்காரர் நால்வரும் வேலிக்கட்டை மாதிரி அசையாமல் நிற்பார்கள். பிறகு அவர்களும் முன்னுக்கு ஓடத் தொடங்கினார்கள். கோல் காப்பவர்கூடக் காலால் பந்தை உருட்டிக் கொடுப்பார். கோல்கள் கொட்டின. இப்போது திரும்பவும் உயரமான ஆட்களைப் பின்னுக்கு நிறுத்துகிறார்கள். மூலையிலிருந்து கோர்னர் பந்து வந்தால் ஆளை ஆள் கட்டிப்பிடித்து விழுத்துகிறார்கள்.

மகனுக்கு மறிக்கிற ஆட்டம் பிடிக்கும். மகளின் புருஷனுக்கு அடிக்கிற ஆட்டம். ஒரு சனிக்கிழமை மருமகன் தாங்கள் இருக்கும் புறநகரான கார்ஜிலிருந்து வந்திருந்தார். பின்வரிசை முழுக்க முன்னுக்குப் போய்விட்டதென்று மகன் திட்டிக்கொண்டிருந்தான். மருமகன் ரோல்ஸைக் கடித்தபடி சொன்னார்:

"உங்கடை வீட்டு ஆக்களுக்கு மறிக்கத்தானே மச்சான் தெரியும். என்ரை கலியாணத்தையும் ரெண்டு வருசம் மறிச்சனீங்கள். கடைசியிலை கோல் விழுந்ததுதானே."

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மகன் மேசையைத் தள்ளிவிட்டு அவருடைய சட்டையைப் பிடித்தான். நான் அதைக் கவனிக்கவில்லை. டிவியில் ஒருவன் பந்தோடு தனியே ஓடினான், மறிக்க ஒருவருமில்லை. என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"அடியடா!"

மகன் அடித்தான். மருமகனின் முகம் குளிர்பெட்டிக் கண்ணாடியில் மோதி, கண்ணாடி நொறுங்கியது. ரோல்ஸ் தட்டில் ரத்தம் கொட்டியது. மகன் விடவில்லை, விழுந்தவரின் விலாவில் மாறி மாறி உதைத்தான். அவர் எழும்பிக் கதிரையைத் தூக்கி அவன் கையில் இறக்கினார். மணிக்கட்டு திரும்பித் தொங்கியது. வெங்காயத் தோலுக்குள் கிடந்த மருமகனின் பல்லை எடுத்துக் கடதாசியில் சுற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மாமி சொல்லித்தான் அடிச்சவன்," என்றார்.

அதற்குப் பிறகு மகள் இந்தப் பக்கம் வரவில்லை. தொலைபேசியில் ஒன்றுதான் கேட்கிறாள்: "நீங்கள் ஏனம்மா அடி எண்டு சொன்னனீங்கள்?" டிவிக்குச் சொன்னேன் என்றால் நம்பமாட்டாள். மருமகனோ, தன் முகம் டிவியைப் பார்த்துத்தான் இருந்தது, அந்த நேரம் பந்து வெளியே போய்க் கிடந்தது என்று சொல்கிறாராம்.

சிவப்புச் சட்டைக்காரரும் நீலச் சட்டைக்காரரும் ஆடிய ஆட்டம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு என்று நினைக்கிறேன். அந்த ஆட்டத்தை முழுதாகப் பதிந்து வைத்திருப்பவர் யாராவது இருந்தால், ஒருவன் தனியே ஓடினானா என்று பார்த்துச் சொல்லுங்கள். சட்டை நிறத்தில் நான் பிழை விட்டிருந்தால் அதையும் திருத்துங்கள்.