பள்ளிவாசலுக்கு ஏழு ஓவர்

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்து போகும்போது பாதி வழியில் மூச்சு முட்டியது. மதிலில் கைவைத்து நின்றேன். யாரும் விசாரிக்கக்கூடாது என்று போனைக் காதில் வைத்துக் கதைப்பதுபோல் நடித்தேன். இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன். நீங்கள் அந்த மடத்தனத்தைச் செய்யாதீர்கள்.

நிந்தவூரில் அரிசி ஆலையில் இருபத்தெட்டு வருடம் தூசு குடித்தவன் நான். அது போதாதென்று சிகரெட் வேறு. கல்முனையில் டொக்டர் ஒரு குழாயில் ஊதவைத்துப் பார்த்துவிட்டு, நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் (சுவாசக் குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்கிவிடுவது) என்றார். முழுதாகக் குணமாகாதாம். பம்ப் (வாயில் வைத்து இழுக்கும் மருந்து) தந்தார். சிகரெட்டை அன்றே விட்டேன்.

நான் கேட்டது ஒன்றுதான். "பள்ளிக்கு நடந்து போவனா டொக்டர்?"

"பயிற்சி செய்தா போகலாம். மூக்கால இழுங்க. உதட்டக் குவிச்சு, சூடான தேத்தண்ணிய ஊதுற மாதிரி மெதுவா விடுங்க."

"நாங்க தேத்தண்ணியில ஊதப்படாது."

குடிக்கிற பொருளில் ஊதக்கூடாது என்பது எங்கள் மார்க்க ஒழுங்கு. அதற்காகச் சின்ன வயதில் உம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். டொக்டர் விழித்தார்.

என் மனைவி பரீதா குறுக்கிட்டாள். "புள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா குர்ஆன் ஓதி, நெத்தியில ஊதுவீங்கதானே? அப்பிடி ஊதுங்க."

சரியாக வந்தது.

வீட்டில் சுவரைப் பார்த்துக் கதிரையில் இருந்து ஊதினேன். நான்கு நாளில் எரிச்சல் வந்து விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மகன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, அரிசி மூடை இறக்குவதுபோல் பள்ளி வாசலில் இறக்கினான். வெட்கமாக இருந்தது.

ஒருநாள் டீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீதா பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பந்து போட ஓடி வாறான். நீங்க என்னத்துக்கு மூச்சப் புடிக்கிறீங்க?"

"உன்ட வேலையப் பாரு புள்ள."

"என்ட வேலையே நீங்கதான். அவன் திரும்பி நடக்கக்குள்ள இழுங்க. ஓடி வரக்குள்ள ஊதுங்க. ஓவருக்கு ஆறு."

"விக்கெட் விழுந்தா?"

"கத்தாம ஊதுங்க."

என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எண்ணினாள். சிக்ஸருக்குக் கத்தி இருமினேன், திட்டு வாங்கினேன். சில வாரத்தில், தோள் எப்போது இறுகுகிறது, எப்போது இறங்குகிறது என்று எனக்கே தெரிந்தது. ஐம்பத்தாறு வயதுவரை அதைக் கவனித்ததில்லை.

அவள் பார்க்கும் டீவி நாடகத்தையும் இப்படித்தான் பார்த்தோம். கதாநாயகி அழும்போது பரீதாவும் மூச்சைப் பிடிப்பதைக் கண்டேன். "நீயும் ஊது" என்றேன். சிரித்துக்கொண்டே ஊதினாள்.

நோய் போகவில்லை. பம்பும் போகவில்லை. பயிற்சிக்கென்று தனியாக இருக்க உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால், சும்மா இருக்கும் நேரத்தில் மூச்சைக் கவனியுங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மகனை முன்னால் அனுப்பிவிட்டு நடந்தேன். முன்பெல்லாம் பள்ளி ஐந்து நிமிடம் என்பேன். இப்போது ஏழு ஓவர், ஓவருக்கு ஆறு மூச்சு. தூசு பறந்தால் ஒன்பது. நடுவில் அதே மதிலில் கைவைத்து நின்றேன். போனை எடுக்கவில்லை. உதட்டைக் குவித்து ஊதினேன்.

என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஒருவன் சைக்கிளில் வந்து காலை ஊன்றி நின்றான். "என்ன காக்கா, ஆருக்கு ஓதி ஊதுறீங்க?"

"எனக்குத்தான்" என்றேன்.