ரோண்டாவின் கராஜ் கதவு

ரோண்டா நோவாக் முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் வேலை செய்கிறவள். அவள் போர்வையை உதறுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கண்டுகொள்வார்கள். இந்த அக்டோபர் முழுக்க அவளிடம் யாரும் நெருங்கவில்லை.

காரணம், எதிர்வீட்டு ட்ரிஷ். குழந்தைகள் மிட்டாய் கேட்டு வீடு வீடாக வரும் ஹாலோவீன் இரவில், போன வருடம், ரோண்டா வாசல் விளக்கைப் போட்டு, சாக்லேட் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். வேஷம் போட்டுக்கொண்டு வந்த குழந்தைகளெல்லாம் ட்ரிஷ் வீட்டு வாசலில் நின்ற கூரை உயர பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்ததும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கிண்ணம் நிறைந்தபடியே இருந்தது. கடைசியில் ட்ரிஷே வந்தாள்.

"எதுக்கு கண்ணு குளிர்ல உட்கார்ந்திருக்க? விளக்கை அணைச்சுட்டுப் போய்ப் படு. உனக்கும் நிம்மதி."

விளக்கு எரியாத வீட்டை யாரும் தட்டமாட்டார்கள் என்பது நேற்று நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். ஆளில்லாத வீடு மாதிரி இருந்துகொள் என்றல்லவா சொல்லிவிட்டுப் போகிறாள்! ரோண்டாவால் அதை விழுங்க முடியவில்லை. இந்த வருடம் ஒரு குழந்தையாவது தன் வீட்டைத் தேடி வந்தே ஆகவேண்டும்.

எலும்புக்கூடு வாங்கக் கட்டுப்படியாகாது. கராஜ் கதவையே பூதத்தின் முகமாக்கினாள். கறுப்புக் குப்பைப் பைகளைக் கிழித்துக் கதவு முழுக்க ஒட்டினால் தோல். காகிதத் தட்டு கண். பீட்சா வந்த அட்டைப்பெட்டி புருவம். இல்லத்தில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்பை வெட்டிப் பற்கள். வேலை முடிந்து வந்து, தினமும் வெளிச்சம் மங்கும்வரை ஏணியில் நின்று ஒட்டினாள்.

கணவன் க்ளென்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். "கார்ல இருக்கற ரிமோட்டைத் தொடாத. கதவு மேல போனா எல்லாம் போச்சு. தெருவுலயே நிறுத்து."

"சரி, சரி" என்பான், கால்பந்தாட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹாலோவீன் அன்று சாயங்காலம், டயர் கடையிலிருந்து திரும்பிய க்ளென் தெரு முனையில் வண்டியைத் திருப்பினான். இத்தனை நாளும் தெருவிலேயே நிறுத்தியிருந்தும், பழைய பழக்கத்தில் அவன் கை தானாகவே ரிமோட்டுக்குப் போனது.

படியில் நின்ற ரோண்டாவுக்கு மோட்டார் உறுமுவது கேட்டது. கதவு மடிந்து மடிந்து மேலே ஏற, பூதத்தின் நெற்றி சுருண்டது, ஒரு கண் நசுங்கியது, குப்பைப் பைகள் கிழிந்து உருளைகளில் சிக்கிக்கொண்டன. இடுப்பு உயரத்தில் கதவு நின்றுவிட்டது.

"பழக்க தோஷம், ரோண்டா. வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சிருந்தாக்கூடப் பொறுத்துப்பேன். இத்தனை நாளா உன் மூக்குக்கு முன்னாடி ஏணில நின்னேனே, ஒரு தடவை நிமிர்ந்து பாத்தியா? பாத்திருந்தா கை போயிருக்குமா?"

அவள் உள்ளே குனிந்து போய் கதவை மோட்டாரிலிருந்து விடுவிக்கிற சிவப்புக் கயிற்றை இழுத்தாள். கையால் தள்ளினாலும் கதவு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

சூனியக்காரித் தொப்பியோடு ட்ரிஷ் ஓடிவந்தாள். "அய்யோ கண்ணு, பாவம்! உன் சாக்லேட்டை என்கிட்ட குடு, நானே குடுத்துடறேன். நீ விளக்கை அணைச்சுடு."

"விளக்கு எரியும்" என்றாள் ரோண்டா. ட்ரிஷ் போனதும் புருஷன் பக்கம் திரும்பினாள். "படு."

"என்னது?"

"கதவுக்கு அடியில படு. தலை உள்ள, கால் வெளிய."

"விளையாடறியா?"

"என் மூஞ்சியப் பாத்தா விளையாடற மாதிரியா இருக்கு?"

கதவு விழாமல் இரண்டு பக்கமும், காரைத் தூக்கி நிறுத்துகிற இரும்புத் தாங்கிகளை வைத்தாள். பற்களைப் பிய்த்தெடுத்துக் கதவின் அடி விளிம்பில் ஒட்டினாள். அவற்றின் கீழே க்ளென்னின் அழுக்கு பூட்ஸ் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

தேனீ வேஷத்தில் ஒரு சிறுமி ட்ரிஷ் வீட்டுக்குப் போகிற வழியில் தெரு நடுவே நின்றுவிட்டாள். "அம்மா! அந்த ஆளை பூதம் தின்னுது!"

"காலை உதறு" என்று பல்லைக் கடித்தபடி ரோண்டா சொன்னாள். க்ளென் உதறினான். குழந்தை கீச்சென்று கத்திவிட்டு நேராக இவர்களிடம் ஓடிவந்தது. பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். கொஞ்ச நேரத்தில் நடைபாதை வரை வரிசை நின்றது.

"இவரை ஏன் புடிச்சுது?" என்று கேட்டான் கடற்கொள்ளைக்கார வேஷத்தில் வந்த ஒருவன்.

"சொன்ன பேச்சைக் கேக்கல" என்றபடி ரோண்டா அவன் பையில் சாக்லேட்டைப் போட்டாள்.

கிண்ணத்தின் அடி தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு உள்ளிருந்து உற்சாகமான குரல் வந்தது.

"பாத்தியா! நான் பட்டனை அழுத்தினது நல்லதாப் போச்சு இல்ல?"

ரோண்டா கதவடியில் குனிந்தாள். "நாளைக்குக் காலையில அந்த உருளையில சிக்கினதையெல்லாம் நீதான் பிடுங்கற. அடுத்த வருஷம் ஏணியிலயும் நீதான் ஏறற. இப்ப வாயை மூடிக்கிட்டு காலை உதறு, பசங்க வர்றாங்க."