தேநீர் கரைத்த இரண்டு வரிகள்

அச்சகத்தில் எல்லோரும் அவளைப் புள்ளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்குப் புத்தகங்களைக் கணினியில் தட்டிக் கொடுப்பது அவள் வேலை. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் பதினாறு வருடமாகத் தட்டியதில் ஒரு கணக்காவது புரிந்ததா என்றால், இல்லை. புரிய வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு நாள் காலை, முதலாளி அவள் மேசையில் சாய்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். கையிலிருந்த தேநீர், பேராசிரியர் ஒருவரின் நுண்கணிதக் கையெழுத்துப் பிரதிமேல் கவிழ்ந்தது. ஓர் எடுத்துக்காட்டின் நடுவில் இரண்டு வரிகள் கரைந்தே போயின.

"ஐயோ, அந்த மனுஷன் பொல்லாதவராச்சே! மேல கீழ எல்லாம் இருக்குல்ல? நடுவுல மட்டும் நீயே நிரப்பிடும்மா."

"இது என்ன குறுக்கெழுத்துப் போட்டியா சார்?"

அவர் அதற்குள் நழுவிவிட்டார்.

கேள்வி இதுதான்: x² + y² = 25 என்ற வட்டத்தில் (3, 4) என்னும் இடத்தில் இரண்டாம் வகைக்கெழு என்ன? கறைக்கு மேலே y′ = −x/y என்று இருந்தது. கறைக்குக் கீழே விடை, −1/4.

சாப்பாட்டு நேரத்தில், தான் ஏற்கெனவே தட்டிய முந்தைய பக்கங்களை எடுத்து முதன்முறையாகப் படித்தாள். y சும்மா நிற்கும் எண் அல்ல. x நகர்ந்தால் அதுவும் நகரும். ஆகவே y-ஐ வகையிடும்போதெல்லாம் கூடவே ஒரு y′ வரும். இரண்டாம் முறை வகையிடும்போதும் அப்படித்தான். வந்த y′-க்குப் பதிலாக முதலில் கண்டதைப் போட வேண்டும். போட்டாள். −25/64 வந்தது. திரும்பப் போட்டாள். அதேதான்.

வீட்டிலும் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"விடை கண்ணுக்கு முன்னாடியே இருக்குங்க. அங்க மட்டும் போய்ச் சேர மாட்டேங்குது" என்றாள் கணவனிடம்.

"பஸ் மாறி ஏறிட்டியோ என்னவோ" என்றான் அவன். அவன் பேருந்து நடத்துனர்.

மறுநாள் தலை வாரும்போது பொறி தட்டியது. மாறி ஏறியது யார்? சீப்பைத் தலையில் செருகியபடியே எழுதிப் பார்த்தாள். இரண்டாம் முறை y-ஐ மாறாத எண்ணாக நினைத்து வகையிட்டால், அச்சாக −1/4 வருகிறது!

அச்சகம் போனதும் பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, விடை −25/64 என்றுதான் வருகிறது என்றாள். தேநீர் கொட்டியதையும் மறைக்கவில்லை.

"யாரும்மா நீங்க? கணக்கு டீச்சரா?"

"இல்ல சார், உங்க புத்தகத்தைத் தட்டுறவ."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள். வந்ததோ வெடிச்சிரிப்பு.

"எட்டு வருஷமா வகுப்புல இதையேதான்மா போட்டுட்டிருக்கேன்! ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. மீதி விடைகளையும் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

பார்த்தாள். இன்னும் இரண்டு பிழைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று அவளே தட்டியபோது விட்டது. அதையும் அவரிடம் சொல்லிச் சிரித்தாள். புத்தகம் அச்சுக்குப் போகும் முன், 'விடைகளைச் சரிபார்த்தவர்' என்ற வரியில் தன் பெயரைத் தானே தட்ட வேண்டி வந்தது. அந்த ஒரு வரிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று.

"அடுத்து என்ன?" என்று கேட்டான் கணவன்.

"தொகையிடல். ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்க."