மான் பார்க்கப் போன அத்தை

பம்பாய்க் கடற்கரையில் ராட்சத ராட்டினம் உச்சிக்குப் போனபோது அத்தை சிரித்த சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு, வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மாமா கடலையும் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில், அவர்களுடைய கல்யாண நாளை ஒட்டிப் போன பயணம் அது. மாமாவுக்கு ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அத்தை என் அப்பாவின் தங்கை, மண்ணூர்பேட்டைக்காரி. எங்கள் வீட்டார் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் பிற்பாடு அம்பத்தூர் எஸ்டேட் என்ற தொழிற்பேட்டை எழும்பியது. அங்கேயே எனக்கு டைப்பிஸ்ட் வேலையும் கிடைத்தது. அத்தைக்குத் துணையாக இருக்கட்டும் என்று அப்பா என்னை ஆவடி குவார்ட்டர்ஸில் விட்டிருந்தார். சர்க்கார் தரும் பயணச் சலுகையில் குவார்ட்டர்ஸ்காரர்கள் சொந்த ஊருக்குப் போவார்கள், மிஞ்சிப்போனால் காசி. எங்கள் அத்தை கேட்டது பாலைவனம்.

அதற்குக் காரணம் மாமாவேதான். தொழிற்சாலை வேலையைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அங்கே கட்டளை. மற்றவர்கள் பெண்டாட்டியிடமாவது கொஞ்சம் கசிய விடுவார்கள். மாமா அந்த விஷயத்தில் உடும்புப் பிடி. புது வண்டிகளை ஓட்டிச் சோதிக்கப் பாலைவனத்துக்கு அனுப்பும்போது அவரும் மாதக்கணக்கில் போவார். லீவில் வந்தால் எதையாவது சொல்லியாக வேண்டுமே! வண்டியைப் பற்றிப் பேசக்கூடாது, இடத்தைப் பற்றிப் பேசக்கூடாது. பாக்கி இருந்தது மானும் மயிலும்தான். "நம்ம ஊட்டாண்ட கோயி மேயுதுல்ல, அதுமாறி மான் மேயும்மே" என்பார். கேட்கிற எங்களுக்கு மாமா ஏதோ பூங்காவில் வேலை பார்ப்பதாகவே தோன்றும்.

அப்படி ஒருமுறை அவர் போயிருந்தபோதுதான் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. வெகு நாள் கழித்துப் பிறந்த பிள்ளை, அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். தந்தி கொடுத்தோம். மாமா வரவில்லை. காய்ச்சல் விடவில்லை. கடைசியில் என் அப்பாதான் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார். எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்ட பிறகு, உதடெல்லாம் வெடித்து, கறுத்துப்போய் மாமா வாசலில் வந்து நின்றார். அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"மான் பாத்துகினு இருந்தியா?"

மாமா பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் சொல்லவில்லை. வீட்டில் சண்டை கிடையாது. சோறு போடுவாள், சட்டையை நீலம் போட்டு வைப்பாள். ஆனால் அவர் உள்ளே வந்தால் இவள் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். மனசு விட்டுப்போனது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

அதனால்தான் அந்த வருஷம், "கல்யாண நாளுக்கு எங்கயாச்சும் போலாமா?" என்று மாமா தயங்கித் தயங்கிக் கேட்டதும், "அந்த மான காட்டு" என்றாள். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. முதலில் பம்பாய் என்று பேசி முடித்தார். எனக்கு நாலு வார்த்தை ஆங்கிலம் வரும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். மாடி பஸ், சினிமா, ராட்டினம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "இன்னொரு நாள் இருந்துட்டு அப்டியே ஊட்டுக்குப் போய்டலாமே" என்று இழுத்துப் பார்த்தார். அத்தை மசியவில்லை. ஜோத்பூருக்கு ரயிலேறினோம். அங்கே நீரூற்றும் புல்தரையுமாக ஒரு பூங்கா, நாலைந்து மயில்கள். "இதாம்மே நான் சொன்ன எடம்" என்றார். அத்தை சுற்றிலும் பார்த்தாள். "இங்கியா வண்டி உட்டீங்க? ஒரு புல்லுகூட மடங்கலியே!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவுக்கு வரவில்லை.

ஜெய்சல்மேரைத் தாண்டி, மான்களை வேட்டையாடாமல் காத்துவரும் பகுதிக்கு ஒரு வாடகை ஜீப் எங்களைக் கொண்டுபோனது. தார்ச்சாலை முடிந்தது. பிறகு தடமும் முடிந்தது. மணலும் முள்ளும் காற்றும் தவிர ஒன்றுமில்லை. டிரைவர் ஜீப்பை நிறுத்திக் கையை நீட்டினான். தூரத்தில் இரண்டு மான்கள் நின்றன. அத்தை இறங்கினாள். மான்களைப் பார்க்கவில்லை. நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ரோடு எங்கய்யா கீது?"

"இங்கேர்ந்து கண்ணுக்குத் தெரியாதும்மே. அம்மாந் தூரம்."

"அப்ப தந்தி எப்டி வந்துச்சு?"

"தண்ணி லாரி வர்ற அன்னிக்குதான் தந்தியும் வரும். குட்த்துட்டு லாரி வேற கேம்புக்குப் பூட்ச்சு." மாமா மணலைப் பார்த்தார். "நான் ரோடு வரைக்கும் நடந்தேன்."

"இதுலியா? இந்த மணல்லியா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏன்யா சொல்லல? இத்தினி வர்சமா ஏன்யா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? மான் பாத்துகினு இருந்தியான்னு கேட்ட. மான்னு சொல்லி வெச்சவன் நாந்தான?"

அத்தை அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். அவர் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சம் நகர்ந்து, தன் நிழல் அவள்மேல் விழும்படி வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை, ஜீப்புக்குப் போய்விட்டேன்.

மாமா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அத்தை இப்போது ஐயப்பன்தாங்கலில் என்னோடுதான் இருக்கிறாள். டிவியில் எந்த நாட்டுப் பாலைவனத்தைக் காட்டினாலும் என் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். "தோ பாரு, இங்கேர்ந்துதான் உங்க தாத்தா ஆவடிக்கு நடந்தே வந்தாரு, கொயந்தயப் பாக்க" என்பாள். நாங்கள் யாரும் திருத்துவதில்லை. போன வாரம் சின்னவள் கேட்டாள், வழியில் தாத்தா மான் பார்த்தாரா என்று.

"அவரு எங்க பாத்தாரு?" என்றாள் அத்தை. "அவருக்கு ஏது நேரம்?"